தொண்ணூற்றாறு முழத் தேர்ச்சீலை

அம்மன் தேருக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கேட்டபோது தாட்சாயிணி ஒரு நாள் அவகாசம் வாங்கியிருக்கலாம். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றிருந்தால் யாரும் அவள் தலையை வாங்கியிருக்கப் போவதில்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அவள் தாட்சாயிணி இல்லையே. அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்த கமிட்டிக் கூட்டத்தில், கையில் பேனா கூட இல்லாமல், "நாற்பத்து மூணு மீட்டர் எண்பத்தொன்பது சென்டிமீட்டர்" என்று போட்டு உடைத்தாள். அந்தக் கடைசி எண்பத்தொன்பதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்தது பாருங்கள், பின்னால் அவளைப் படாத பாடு படுத்தியது அதுதான்.

மேனாம்பேட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் ஐந்து தையல் மிஷின்களையும் நாலு பெண்களையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறவள் அவள். அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தாள். அறுபது மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டி ஒரு நூல் பிசகாமல் எடுப்பாள் என்று பேர் வாங்கியவள். அதனால்தான் எல்லாருக்கும் அவள் "மாஸ்டர்க்கா". அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கோவில்பதாகையைத் தாண்டி ஏரி ஓரமாக இருக்கும் பழைய ஊர்க்காரர்களுக்கு மட்டும் அவள் மாஸ்டரும் இல்லை, அக்காவும் இல்லை, வெறும் "குவார்ட்டர்ஸ்காரி". நாற்பத்தேழு வயதிலும் அப்படித்தான்.

அந்த ஏரிக்கரையம்மன் கோயில் தேர் ஓடி நாற்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. சக்கரம் உளுத்துப்போய் நின்றது நின்றபடியே கிடந்ததற்கு இந்த வருடம்தான் விமோசனம் வந்தது. புதுச் சக்கரம் பூட்டியாயிற்று. மேல்கூட்டுக்கான தேக்குச் சட்டங்கள் மட்டும் கோயில் அறையில் நல்லபடியாக அடுக்கிக் கிடந்தன. அவற்றை நிமிர்த்திக் கட்டி, சுற்றிலும் சீலை போர்த்தினால்தான் தேர். சிக்கல் என்னவென்றால், தேருக்குக் காப்புக் கட்டாமல் அந்தச் சட்டங்களில் ஒன்றைக்கூட நிமிர்த்தக் கூடாது என்பது ஊர் வழக்கம். காப்புக் கட்டுவது வெள்ளிக்கிழமை, சீலை சுற்றுவது சனிக்கிழமை, தேர் ஞாயிற்றுக்கிழமை. சட்டம் நிமிர்ந்த பிறகு அளவெடுத்துத் துணி நெய்ய நேரம் கிடையாது. பழைய சீலையும் எப்போதோ செல்லரித்துப் போய்விட்டது. ஆகவே எல்லாரும் நம்பியிருந்தது கோயில் பெட்டியிலிருந்த பழைய அளவுப் புத்தகத்தை. அதில் யாரோ ஒரு புண்ணியவான் மசிப்பேனாவால் எழுதி வைத்திருந்தார்: தேர்ச்சீலை 96 முழம், கொடி 12 முழம், மேற்கட்டி 8 முழம்.

கமிட்டித் தலைவர் ஜம்புலிங்கத்துக்குச் சீலையே பிடிக்கவில்லை. ஊரின் பழைய குடும்பத்து ஆள். பாட்டன் பூட்டன் உழுத வயலெல்லாம் மனைகளாகிவிட, நிலத்தைச் சென்ட்டிலும் சதுர அடியிலும் விற்று விற்று, உலகத்தில் வேறு அளவே கிடையாது என்று ஆகிவிட்டவர். துணிக்குப் பதில் ஃப்ளெக்ஸ் அடித்து ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்பது அவர் கட்சி. அந்த ஃப்ளெக்ஸில் அம்மன் படத்துக்குக் கீழே தன் படமும் வரும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. தேர் கட்டுகிற ஆட்கள் ஃப்ளெக்ஸ் சுற்றிய தேரைத் தொட மாட்டோம் என்று ஒரே பிடியாக நின்றதால்தான் பேச்சு சீலைக்கு வந்தது. தைப்பதற்குத் தாட்சாயிணி கையை உயர்த்தினாள். ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குத் தேர்ச்சீலை தைக்க வருமா என்று ஜம்புலிங்கம் இழுத்தபோதுதான், அவள் முழத்தை மீட்டராக மாற்றி வாயடைத்தாள். முழம் என்றால் பதினெட்டு அங்குலம். இரண்டு முழம் ஒரு கஜம். தொண்ணூற்றாறு முழம் நாற்பத்தெட்டு கஜம். கஜத்துக்குத் தொண்ணூற்றொன்று புள்ளி நாற்பத்து நாலு சென்டிமீட்டர். பெருக்கினால் வருவது அந்த மிடுக்கான எண்பத்தொன்பது.

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் பூபாலன் சிவப்பில் மஞ்சள் கரை வைத்து நெய்து கொடுத்தார். மடிப்புக்கும் தையலுக்கும் அரை மீட்டர் கூடுதல். தேருக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, துணி வந்து இறங்கியது.

அன்று மத்தியானம் கரையில் வைக்க வேண்டிய பூவேலைக்கு மாதிரி பார்ப்பதற்காகக் கோயிலிலிருந்து பழைய கொடியை வாங்கி வந்திருந்தாள். கட்டிங் மேசையின் விளிம்பில் நீளத்துக்கும் டேப் அடித்து வைத்திருப்பாள். கொடியை மேசையில் விரித்தவுடன் கண் தானாக டேப்புக்குப் போயிற்று, பத்தொன்பது வருடப் பழக்கம். பன்னிரண்டு முழம் என்றால் இருநூற்றுப் பதினாறு அங்குலம் இருக்க வேண்டும். மடித்து மடித்து அளந்தாள். இருநூற்று இருபத்தைந்து வந்தது.

மறுபடி அளந்தாள். மங்களத்தை விட்டு அளக்கச் சொன்னாள். மங்களம் அவளிடம் வேலை செய்கிறவர்களில் மூத்தவள், காஜா எடுப்பதில் கெட்டிக்காரி, பேச்சு மட்டும் நிற்காது. அவளும் இருநூற்று இருபத்தைந்து என்றாள். ஒன்பது அங்குலம்தானே, பழைய காலத்து ஆட்கள் கொஞ்சம் தாராளமாக வெட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு மங்களம் மிஷினுக்குப் போய்விட்டாள். தாட்சாயிணியால் அதை அப்படியே விட முடியவில்லை. கட்டிங் மேசையில் தாராளம் என்பதே கிடையாது, கூட வந்தால் கூட வந்ததற்கு ஒரு காரணம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாகக் கோயிலுக்குப் போய் மேற்கட்டியைக் கேட்டு வாங்கினாள். அம்மன் தலைக்கு மேல் கட்டுகிற அந்த விதானத் துணியும் பெட்டியில்தான் இருந்தது. எட்டு முழம், நூற்று நாற்பத்து நாலு அங்குலம் வர வேண்டும். நூற்றைம்பது இருந்தது. ஆறு அங்குலம் அதிகம்.

கோயில் படியில் உட்கார்ந்து போனில் வகுத்துப் பார்த்தாள். கொடியில் பன்னிரண்டு முழத்துக்கு ஒன்பது அங்குலம். மேற்கட்டியில் எட்டு முழத்துக்கு ஆறு அங்குலம். இரண்டிலும் முழத்துக்கு முக்கால் அங்குலம், மயிரிழை வித்தியாசம் இல்லாமல். முக்கால் அங்குலம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவள் கன்னியம்மாள். பழைய ஊர்க்காரி, தாட்சாயிணி வயதுதான். பைக்கில் வந்த ஒருவன் வண்டிக்கு இரண்டு முழம் கேட்டான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை இழுத்து, நுனி தொட்டதும் தொடாததுமாகக் கன்னியம்மாள் நறுக்கினாள். அதில் அவள் கறார் ஊரறிந்தது. அடுத்து அர்ச்சகர் வந்து அம்மனுக்கு நாலு முழம் என்றார். இப்போது சரத்தை நுனி விரல் வரை இழுத்தவள், அந்த இடத்தில் இன்னொரு கையின் ஒரு விரலை வைத்து, அந்த விரலுக்கு அப்பாலிருந்து அடுத்த முழத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு முழத்துக்கும் அப்படியே செய்தாள்.

தாட்சாயிணி படியிலிருந்து எழுந்தே விட்டாள். அந்த விரல் எதற்கு என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு அளக்கறப்ப ஒரு விரலு வுட்டுத்தான் அளக்கணும். சாமிகிட்ட போயி கறாரா முழம் போடுவாங்களா?" என்றாள் கன்னியம்மாள், இதுகூடத் தெரியாத ஜென்மமா என்கிற மாதிரி.

"பூவுக்கு மட்டுமா?"

"பூவா இருந்தா இன்னா, துணியா இருந்தா இன்னா? இந்த ஊர்ல அம்மாவுக்குன்னா அப்டித்தான்."

தாட்சாயிணி தன் விரலை டேப்பின் மேல் வைத்துப் பார்த்தாள். அகலம் சரியாக முக்கால் அங்குலம். அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கன்னியம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், கூடையிலிருந்த மல்லிகை கொஞ்சம் கொட்டியும் போயிற்று. புத்தகத்தில் எழுதியிருக்கும் முழம் பதினெட்டு அங்குலம் இல்லை, பதினெட்டே முக்கால். எழுதிய மனிதர் விரல் விட்டு அளந்துவிட்டு, முழத்தை மட்டும் எண்ணி எழுதியிருக்கிறார். விரலை எதற்கு எழுத வேண்டும், ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. தொண்ணூற்றாறைப் பதினெட்டே முக்காலால் பெருக்கினாள். ஆயிரத்து எண்ணூறு அங்குலம். முப்பத்தாறால் வகுத்தால் ஐம்பது கஜம், முழுசாக ஐம்பது. பின்னம் இல்லை, மீதி இல்லை. அவ்வளவு சுத்தமாக வரும் கணக்கு பொய்யாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஐம்பது கஜம் வேண்டும், நெய்து வந்திருப்பது நாற்பத்தெட்டு. தொண்ணூற்றாறு விரல் சேர்ந்தால் நாலு முழம். நாலு முழத் துணி இல்லாமல் தேரின் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கப் போகிறது. சொன்னவள் அவள்தான், அதுவும் சென்டிமீட்டர் சுத்தமாக.

பூபாலனுக்குப் போன் போட்டாள். தறியில் இன்னும் இரண்டு மீட்டர் அளவுக்குப் பாவு நூல் மீதி இருக்கிறது, நாளைக் காலையில் அறுத்துவிட்டு வேறு பாவு ஏற்றப் போகிறேன், அதற்கப்புறம் இந்தச் சிவப்புக்கு ஒரு மாதம் ஆகும் என்றார். அவளுக்கு வேண்டியது ஒரு மீட்டர் எண்பத்து மூன்று. இன்று ராத்திரிக்குள் சொல்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். ஜம்புலிங்கத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு நூல்கூடத் தேரில் ஏறாது.

சாயங்காலம் கமிட்டி கூடியது. போன தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசிய அதே இடத்தில் நின்று, என் கணக்கு தப்பு, இன்னும் நாலு முழம் வேண்டும் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கொடியையும் மேற்கட்டியையும் அளந்த கதையை விளக்கினாள். கன்னியம்மாளின் விரலைச் சொன்னாள். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

ஜம்புலிங்கம் போனைத் தூக்கிக் காட்டினார்.

"முழம்னா பதினெட்டு இஞ்சுன்னு இதுலயே போட்டுக்கீது. நீயும் அதத்தான் சொன்ன. இப்ப நாலு முழம் ஒசத்திக் கேக்கறே. நாலு முழம்னா ரெண்டு ஜாக்கெட்டுத் துணி. ஒன்னு உனுக்கு, ஒன்னு மங்களத்துக்கா?"

கூட்டம் சிரித்தது. தாட்சாயிணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தொன்பது வருடம் கோடிக்கணக்கான ரூபாய்த் துணி அவள் கைவழியாகப் போயிருக்கிறது, ஒரு கைக்குட்டை அகலம் வீட்டுக்கு வந்ததில்லை. பழைய துணி இழுத்துக்கொடுத்திருக்கும், அதனால்தான் நீளம் கூடியிருக்கிறது என்று இன்னொருவர் ஞானம் பேசினார். பருத்தித் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்குமே தவிர வளராது, அப்படியே வளர்ந்தாலும் இரண்டு துணியும் பேசி வைத்துக்கொண்டு முழத்துக்கு ஒரு விரல் கணக்காக வளருமா என்று அவள் கேட்டாள். ஆனால் அதைக் கேட்டு யாரும் அவள் பக்கம் வந்துவிடவில்லை. சும்மா இருந்தால் கணக்குத் தெரியாதவள், வாயைத் திறந்தால் துணி திருடி. இரண்டு பட்டத்தில் ஒன்றை அவள் தலையில் கட்டாமல் விடுவதாக இல்லை ஜம்புலிங்கம்.

"அந்த நாலு முழத்தையும் கடைசியில தனியா ஒட்டுத் தையல் போட்டுச் சேர்க்கிறேன்," என்றாள். "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சுத்துங்க. ஒரு சாண் மீந்தாலும் கத்தரிக்கோலை இங்கயே வெச்சுட்டுப் போயிடறேன். அப்புறம் ஒரு தலையணை உறைகூட நான் வெட்ட மாட்டேன்."

சரி, பார்த்துவிடலாம் என்றார் ஜம்புலிங்கம். துணி பத்தவில்லை என்றால் மூடுவதற்கு ஃப்ளெக்ஸ் தயாராக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். வெளியே வந்ததும் முதல் காரியமாகப் பூபாலனுக்குப் போன் போட்டு நெய்யச் சொல்லிவிட்டாள்.

வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, புதன்கிழமையிலிருந்து அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கொடியையும் மேற்கட்டியையும் அளந்த கைதான் தேர்ச்சீலையையும் அளந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? அவ்வளவு பெரிய துணியை விரல் விடாமல் கடையிலேயே கஜக்கோலால் அளந்து வாங்கியிருந்தால்? அப்படியானால் நாலு முழமும் தரையில் தொங்கும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டால் அவள் மட்டுமா போகிறாள், அவளை நம்பி நாலு மிஷினில் நாலு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓயாமல் பேசுகிற மங்களமே இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் திருத்தணி வண்டியில் பூபாலனே வந்து ஆவடி ஸ்டேஷனில் பொட்டலத்தைக் கொடுத்தார். சாயமும் கரையும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அன்று சாயங்காலமே அதைச் சீலையின் கடைசியில் இணைத்தாள். ஒட்டு யாருக்கும் தெரியாமல் தைக்கிற வித்தை அவளுக்குத் தெரியும். ஆனாலும் வேண்டுமென்றே வெள்ளை நூலில், தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிகிற மாதிரி தைத்தாள். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட நாடா வைத்தாள். நாடாக்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க நாலு விரல் இடைவெளி போதும் என்பது அவள் கணக்கு.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிச் சட்டங்களை நிமிர்த்தினார்கள். அடியில் ஒடுங்கி, நடுவில் பெருத்து, மேலே மறுபடி ஒடுங்கிப் போகிற கூடு. நேரில் பார்த்தபோது தேர் அவள் நினைத்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. ஐயோ, மீந்துவிடும் போலிருக்கிறதே என்று அதை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. தேருக்குச் சீலை சுற்றுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி, தாட்சாயிணி கத்தரியைக் கீழே வைப்பாளா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. குவார்ட்டர்ஸிலிருந்து பெண்கள் ஒரு கூட்டமாக வந்து அவள் பின்னால் நின்றார்கள். ஜம்புலிங்கத்தின் ஃப்ளெக்ஸ் சுருள் ஒரு ஆட்டோவின் பின்சீட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் தாட்சாயிணியின் கையிலேயே இருந்தது.

முன்பக்க வலது தூணில் முதல் முனையைக் கட்டித் தொடங்கினார்கள். கூட்டை இரண்டு சுற்றுச் சுற்றி அதே தூணில் வந்து முடிய வேண்டும். கட்டுகிற ஆட்கள் மேலே ஆறு பேர், கீழே நாலு பேர். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், இழுக்காதீர்கள், துணி தானாக உட்காரட்டும். கீழ்ச்சுற்று முடிந்து மேல்சுற்று ஆரம்பித்தது. சிவப்பு ஏற ஏறச் சட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இடப்பக்கம் போயிற்று, பின்பக்கம் போயிற்று. துணிச் சுருள் மெலிந்துகொண்டே வந்தது. வலப்பக்கம் திரும்பியபோது சுருளிலிருந்து வெள்ளைத் தையல் வெளியே வந்தது.

அந்தத் தையல் ஒவ்வொரு சட்டமாகத் தாண்டிக்கொண்டு வந்தது. ஒட்டு தூணைத் தாண்டிவிட்டால் அவள் திருடி. ஒட்டு தூணுக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றால் நாலு முழமும் பத்தாமல் போய் அவள் முட்டாள். தாட்சாயிணி கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தாள், பிறகு வெட்கமாக இருந்தது, மூடவில்லை.

தூணுக்கு ஆறடி இருக்கையில் வெள்ளைத் தையல் அசையாமல் நின்றது. மீதித் துணியைக் கட்டுகிறவர் பிரித்து நீட்டினார். நீட்டிய துணி தூணை நோக்கிப் போயிற்று. முதல் முனையின் நாடாவும் கடைசி முனையின் நாடாவும் எதிரெதிரே வந்தன. நடுவில் நாலு விரல் இடைவெளி. கட்டுகிறவர் நாடாக்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஒரு விரல் நுழையாத அளவுக்கு முடிச்சு இறுக உட்கார்ந்தது. தொங்குவதற்கும் ஒன்றுமில்லை, திறந்து கிடப்பதற்கும் ஒன்றுமில்லை.

தாட்சாயிணியின் தொண்டையிலிருந்து அவளைக் கேட்காமலே குலவை கிளம்பியது. அவள் அம்மா ஊர்ப்பக்கம் போடுகிற குலவை, குவார்ட்டர்ஸில் கல்யாண வீடுகளில் மட்டும் கேட்பது. பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். மதுரைக்காரிக்கு ஒரு குரல், தென்காசிக்காரிக்கு ஒரு குரல். ஏரிக்கரையம்மன் கோயிலில் அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. கன்னியம்மாளுக்குக் குலவை போட வரவில்லை, முயன்று பார்த்து இருமினாள், பிறகு கூடைப் பூவை அப்படியே அள்ளித் தேரின் மேல் வீசினாள். மங்களம் அழுதுகொண்டே அத்தனை நாள் பேச்சையும் சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டாள்.

ஜம்புலிங்கம் மட்டும் தேரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெள்ளைத் தையல் பக்கத்தில் நின்றார். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அங்கிருந்து தூண் வரை தன் கையாலேயே முழம் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது முழம் முடிச்சில் போய் முட்டியது. சென்ட்டும் சதுர அடியும் தவிர வேறு அளவே தெரியாது என்று எல்லாரும் நினைத்திருந்த மனிதருக்கு முழம் போடத் தெரிந்திருக்கிறது. முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் பூசி மெழுகவில்லை.

"உன்னிய ரொம்பப் பேசிட்டேன் மாஸ்டர்," என்றார், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரியே. அவர் வாயிலிருந்து அந்த "மாஸ்டர்" வந்ததும் தாட்சாயிணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆட்டோக்காரரிடம் ஃப்ளெக்ஸைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, அளவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த தடவை யாரும் முழி பிதுங்கக் கூடாது, நீயே எழுதி வை என்று பேனாவையும் கொடுத்தார்.

தேரின் பீடத்தில் புத்தகத்தை வைத்து, மசி மங்கிப்போன அந்தப் பழைய வரிக்குக் கீழே அவள் எழுதினாள். தேர்ச்சீலை தொண்ணூற்றாறு முழம். முழம் ஒன்றுக்கு ஒரு விரல் விட்டு அளக்கவும். விரல் விட்டால் ஐம்பது கஜம், அதாவது நாற்பத்தைந்து மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். மடிப்புக்கு அரை மீட்டர் தனி. ஜம்புலிங்கம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, கீழே பேரைப் போடு என்றார். அவள் போடாமல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இன்னும் இரண்டு வரி எழுதினாள்.

அவர் அதை உரக்கப் படித்தார். "முதலில் நாற்பத்து மூன்று மீட்டர் எண்பத்தொன்பது என்று தப்பாகச் சொன்னவர், தாட்சாயிணி, மேனாம்பேடு. அதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர், தாட்சாயிணி, மேனாம்பேடு."

தப்பை எதற்கு எழுத வேண்டும், அதை அடித்துவிடேன் என்றார். "அது இருக்கட்டும்," என்று சொல்லிப் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, தாட்சாயிணி கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு புத்தகத்தில் அடுத்த வரியாக இருந்த கொடியை இன்னொரு தடவை அளக்கப் போனாள்.